உங்கள் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்து

அண்ணே,

காலையில் உங்கள் வீட்டம்மா ஸ்டெல்லா அக்கா என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். கறுப்பு கிரானைட் கல். வெட்டுவதற்கு முன்னால் சாக்பீஸால் உங்கள் பெயரை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். கீழே பிறந்த நாள், இறந்த நாள். பெயரை அடுத்து ஒரு சாண் இடம் சும்மா கிடந்தது. நீங்கள் போய் வருடம் ஒன்று கழிந்துவிட்டது, இந்த மாதம் கல் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கல்லில் உங்கள் பெயரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

படத்தோடு அக்காவின் குரலும் இருந்தது. "மக்ளே, நாளைக்கு வெட்டிருவாங்களாம். பேருக்குப் பொறவு அந்த நாலெழுத்தப் போடணும்னு அவருக்க அண்ணன் ஒரே பிடியா நிக்காரு. அதுக்க காலம் போன மாசத்தோட முடிஞ்சிட்டுல்லா? முடிஞ்சதக் கல்லுல போடலாமா? பாக்கவங்க சிரிக்க மாட்டாங்களா? உனக்குத்தான் அதெல்லாம் தெரியும். நீ சொல்லு."

குழித்துறையில் உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில் பட்டம் இல்லாத கல் குறைவுதான். தலைமையாசிரியராக இருந்த உங்கள் அப்பாவின் கல்லில் இரண்டு பட்டங்கள், சித்தப்பாவின் கல்லில் ஒன்று. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட நீங்கள் அவர்களுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறீர்கள். உங்களிடம் இருந்தது ஒரே ஒரு நெட்வொர்க் சான்றிதழ், அதன் பெயர்தான் அந்த நான்கு எழுத்து. அதுவும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தேர்வெழுதிப் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

நாம் முதலில் பார்த்துக்கொண்ட நாள் நினைவிருக்கிறதா? நாகர்கோவிலில் அந்தச் சின்னக் கம்பெனி. கல்லூரிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் காற்றாலைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பார்கள். டெண்டர் போட வேண்டுமானால் சான்றிதழ் பெற்ற ஒருவர் சம்பளப் பட்டியலில் இருந்தாக வேண்டும். அதற்காக என்னை எடுத்தார்கள். என் சான்றிதழைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். எனக்கு அதற்குக் கீழேயே ஒரு நாற்காலி. பொம்பளப் பிள்ளை எதற்கு ஏணியில் ஏற வேண்டும் என்று எந்த இடத்துக்கும் அனுப்பவில்லை. நீங்கள் வயர் கட்டோடு உள்ளே வந்தவர், சட்டத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சம்பளம் ஒங்களுக்கா, மேல தொங்குறதுக்கா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேள்வி சரியாக இருந்ததுதான் காரணம்.

டெண்டர் காகிதத்தில் என் பெயர் இருக்கும். காற்றாலை நிற்கும் மலையடிவாரத்தில் வேலை செய்வது உங்கள் கை. உங்களுக்குப் பதவி 'டெக்னீஷியன்'. பத்து வருடத்துக்கு மேல் அதே பதவி.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நீங்கள்தான் என்னை முதலில் கூட்டிப் போனீர்கள். முதலாளி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, "வா மக்கா, படிச்சதக் கொஞ்சம் வெயிலுல காட்டுவோம்" என்றீர்கள். ஆடிக் காற்று. கட்டுப்பாட்டு அறையின் கதவைச் சாத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு காற்றாலையின் இணைப்பு விட்டு விட்டு அறுந்துகொண்டிருந்தது. நான் லேப்டாப்பைத் திறந்து பிழைகளைத் தேடிக்கொண்டிருக்கையில் நீங்கள் நேரே வெளியே போய், கேபிள் இரும்பு விளிம்பில் உராய்ந்து தோலுரிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்தீர்கள். அந்தக் காற்றில் கேபிள் எங்கே உராயும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பாடத்திலும் அது எனக்கு வரவில்லை.

அதற்கடுத்த வேலை, கடைசிக் காற்றாலையில் இருந்த கருவியில் ஒரு மாற்றம். அறையில் இருந்தபடியே செய்யலாம். ஆனால் ஒரு வரி தப்பினால் இணைப்பு அறுந்து, கருவி நம் கைக்கு எட்டாமல் போய்விடும். அதனால் நீங்கள் பைக் சாவியை எடுத்தீர்கள். இத்தனை வருடமும் அப்படித்தான், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தக் காற்றில் நேரே போய் நின்று செய்திருக்கிறீர்கள். நான் சொன்னேன்: "அண்ணே, முதல்ல அதுகிட்ட பத்து நிமிஷத்துல நீயே அணைஞ்சு எழும்புன்னு சொல்லிருவோம். நாம செய்யுற மாத்தத்தச் சேமிக்காம வச்சிருப்போம். தப்பாப் போச்சுன்னா அது எழும்பும்போ பழையபடி ஆயிரும். சரியாப் போச்சுன்னா, சேமிச்சிட்டு அந்த உத்தரவ ரத்து பண்ணிரலாம்."

சாவியைத் திரும்ப மேசையில் வைத்தீர்கள். "இது புஸ்தகத்துல கெடக்கா?"

"கெடக்குண்ணே."

"கொள்ளாம், நல்ல வித்ததான்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. எத்தனை மழை, எத்தனை பண்டிகை நாள் அந்தப் பாதையில் போயின என்று நினைத்திருப்பீர்கள்.

அடுத்த வாரம் நீங்களே அதைச் செய்து பார்த்தீர்கள். எல்லாம் சரியாக வந்தது. கடைசியில் சேமிக்கவும் மறந்து, ரத்து செய்யவும் மறந்து, டீ குடிக்கப் போய்விட்டோம். கருவி சொன்ன சொல் தவறாமல் அணைந்து எழுந்தது. நம் வேலை மொத்தமும் போச்சு. கட்டுப்பாட்டு அறைக்காரர் நம்மைக் கிழிகிழியென்று கிழித்தார். திரும்பும் வழியில் நீங்கள் சொன்னது: "நீ படிச்சிருக்க, பட்டதில்ல. நான் பட்டிருக்கேன், படிச்சதில்ல. ரெண்டு பேருமாச் சேந்து ஒரு முழு ஆளு தேறல்லியே மக்கா."

பிறகு சீனியர் இன்ஜினியர் பதவி வந்தது. சென்னையில் பயிற்சி முடித்து, அதே நான்கு எழுத்தோடு வந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். நல்ல பையன்தான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்றீர்கள். ஆனால் மறுநாள் என் மேசையில் வந்து கையை ஊன்றி, "அந்தப் புஸ்தகத்த எடு" என்றீர்கள்.

தேர்வு மையம் திருவனந்தபுரத்தில். முதல் தடவை தோற்று வந்தபோது முகம் கறுத்திருந்தது. "நாலு பதில் தாறான். நாலும் எங்கயாவது ஒரு எடத்துல நடக்கும் மக்கா, நான் கண்டிருக்கேன். அவன் எதக் கேக்கான்னுதான் மனசிலாவல்ல." பார்த்த எல்லாவற்றையும் கொஞ்சம் மறக்கப் பழகினால்தான் அந்தத் தாளில் ஜெயிக்க முடியும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்விக்கு மேல் கேள்வியாகப் போட்டு உங்களைப் படுத்தி எடுத்தேன். மதியச் சோற்றை வைத்துக்கொண்டே பதில் சொல்வீர்கள்.

இரண்டாம் தடவை ஜெயித்துவிட்டீர்கள். போனில் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "பேப்பர் கெடச்சாச்சு. நாளைக்கும் அதே ஏணிதான், வேற என்ன?" நானும் நம்பிவிட்டேன். உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, முதலாளியின் வாயை அடைக்க எழுதினீர்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பதவியும் மாறியது. அதில் இரண்டு வருடம்கூட நீங்கள் முழுதாக இருக்கவில்லை. ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டீர்கள். என்னால் அதை இன்னும் மன்னிக்க முடியவில்லை. யாரை மன்னிப்பது என்றும் தெரியவில்லை.

இப்போது புது ஆட்களை எடுக்கும் மேசையில் நானும் உட்காருகிறேன். சான்றிதழ் பெரிதா, செய்த வேலை பெரிதா என்று எங்கள் தொழிலில் ஓயாமல் வாதம் நடக்கிறது. அனுபவம் போதும், பேப்பர் எதற்கு என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் நல்ல கல்லூரியும் தெரிந்த ஆளும் உள்ளவர்கள். உங்கள் கையை ஆரல்வாய்மொழியில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கணவாயைத் தாண்டினால் யாருக்குத் தெரியும்? என் மூளையை நம்பி ஒரு ஏணியைக்கூட யாரும் கொடுக்கவில்லை, அந்தத் தாள் இல்லாமல் வாசலே திறந்திருக்காது. நம்மைத் தெரியாதவர்களிடம் நமக்காகப் பேச அதைவிட்டால் வேறு ஒருவரும் இல்லை, அண்ணே. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் நாற்காலியிலேயே இருந்திருந்தால் இன்றைக்கும் சட்டத்தில் தொங்குகிறவளாகத்தான் இருந்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அக்காவைக் கூப்பிட்டேன். "போடச் சொல்லுங்கக்கா. அண்ணன் போன அன்னைக்கு அது செல்லுபடியாத்தான் இருந்துது. அவங்க அதக் காலாவதியாக விடல்ல."

"பொய்யாயிராதுல்லா? பொய்யாப் போட்டா அவரு பொறுக்க மாட்டாரு."

"பொய்யில்லக்கா."

பிறகு சொன்னார்கள். "ஜெயிச்ச அன்னைக்கு ரெயிலு வந்து ரொம்ப நேரங் கழிச்சுத்தான் வீட்டுக்கு வந்தாரு. செருப்பு பூராம் சிவப்பு மண்ணு. எங்க போனீருன்னு கேட்டேன். அப்பாக்க கல்லுகிட்டப் போயி அந்தப் பேப்பரக் காட்டிட்டு வாறேன்னாரு. யாருட்டயும் சொல்லாத, சிரிப்பாங்கன்னாரு."

நான் சிரிக்கவில்லை அண்ணே. போனை வைத்துவிட்டு அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மதியம் மூன்று பேர் நேர்முகத்துக்கு வந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் ஒரு விண்ணப்பத்தைத் தள்ளி வைத்து, "வெறும் சர்ட்டிபிகேட்டுதான், வேற ஒண்ணுமில்ல" என்றார். நான் அதை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். வேலை தெரியுமா என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். அந்தத் தாளை வாங்கிய அன்று அந்த ஆள் வீட்டுக்குப் போகும் முன் எங்கே போய் நின்றாரோ, நமக்கு என்ன தெரியும்.