நீ மறைத்துக்கொண்டு நின்ற பலகை

மாங்கேணி
09.02.2025

அன்புள்ள மகன் கிருபாகரனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை, அது உன் அப்பாவைப் போல என் சொல்லைக் கேட்பதில்லை. நீ அங்கே அவுஸ்திரேலியாவில், டார்வினில் சுகமாக இருக்க வேண்டும் என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வருகிறேன், அவருக்கும் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்று கேட்பாய், நான் ஓம் ஓம் என்பேன், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். நான் சொல்ல நினைத்தது வாய்க்குள்ளேயே கிடக்கும். கடிதத்தை நடுவில் வைத்தாலும் பிறகு எடுத்து வாசிக்கலாம்தானே. அதனால் முன்பள்ளியில் மிஞ்சிய கொப்பியில் தாள் கிழித்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இந்த மாரியில் மழைக்குக் குறைவில்லை, வளவுக்குள் நின்ற தண்ணீர் இப்போதுதான் வற்றியிருக்கிறது. குசினிப் பக்கத்துத் தகரம் இரண்டு காற்றில் கழன்றுவிட்டது, சிவதர்ஷன் ஆள் பிடித்து அடிப்பித்துத் தந்தான். முன்பென்றால் அவனே ஏறி அடித்திருப்பான், இப்போது அவனால் ஏலாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன மாதம் அப்பாவின் ஐந்தாவது ஆண்டுத் திவசம் வந்தது. உனக்கு விசாப் பிரச்சினை, வர முடியாது என்று எனக்குத் தெரியும், அதற்காக உன்மேல் கோபமில்லை. அப்பா செத்த அன்றும் உன் இடத்தில் நின்று கொள்ளி வைத்தவன் சிவதர்ஷன், உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த பாவத்துக்கு. திவசத்துக்கும் அவனும் அவன் மனிசி கஜானியும்தான் வந்தார்கள். மற்றப்படி வீட்டில் நான் மட்டும்தான். அரைச் சுண்டு அரிசி போட்டாலும் மூன்று நேரத்துக்கு மிஞ்சுகிறது. மீன் வாங்கினால் நடுத்துண்டுக்கு நீயும் அப்பாவும் சண்டை பிடிப்பீர்களே, இப்போது அந்த நடுத்துண்டு பெரும்பாலும் நாய்க்குத்தான் போகிறது. ரீவியைப் பகல் முழுவதும் போட்டு விடுகிறேன், பார்ப்பதற்கில்லை, வீட்டுக்குள் யாராவது கதைத்துக்கொண்டிருக்கட்டும் என்று.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மீனவர் சங்கத்தார் வந்து, ரீச்சர், கடற்கரையில் வைக்க ஒரு எச்சரிக்கைப் பலகை, படம் கீறித் தர வேண்டும் என்று கேட்டார்கள். வழுவழுவென்று மிதக்கிற சொறிமுட்டை நம் கடலுக்குப் புதிதில்லை, பட்டால் கொஞ்ச நேரம் கடித்து எரியும், மண்ணைத் தேய்த்துவிட்டுப் போவோம். இது அப்படியில்லை, வேறு சாதி, ஆளையே கொல்லும் நஞ்சு, பெட்டி ஜெலி மீன் என்று பெயராம், அங்கே இங்கே கண்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். நான் இருபத்திரண்டு வருடம் முன்பள்ளியில் முயலும் மாம்பழமும் கீறினவள், நஞ்சுள்ள ஒன்றை ஒருநாளும் கீறியதில்லை. அது எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. சங்கத்துச் செயலாளரின் போனில் தேடினால் ஒன்று ஊதா நிறத்தில் மின்குமிழ் போல எரிகிறது, ஒன்று பூப்போட்ட பாவாடை விரித்துக்கொண்டு போகிறது, ஒன்றுக்குக் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்க விட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையிலும் அதே சிரிக்கிற சொறிதான். ரீவியில் ஒரு படத்தில் கப்பலையே இழுத்துக்கொண்டு போனது. இதில் எதை நம்பிக் கீறுவது?

அப்போதுதான் உன் படம் ஞாபகம் வந்தது. அங்கே அகதி முகாமிலிருந்து உன்னை வெளியே விட்ட கையோடு, கடற்கரையில் ஒரு மஞ்சள் பலகைக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினாயே, வாழைச்சேனை ஸ்ரூடியோவில் கழுவி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். பத்து வருடமாக அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன், உன் முகத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அன்றுதான் பின்னால் நிற்கிற பலகையைப் பார்த்தேன். ஒருவன் நீந்துவது போலக் கறுப்பு உருவம், அவனைச் சுற்றி நீளமாக வால் வாலாகத் தொங்குகிறது. அவுஸ்திரேலியா அரசாங்கம் கீறினது பிழைக்காது என்று எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் அந்தச் சொறியின் உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் உன் தலை இருக்கிறது மகன். வால்கள் எல்லாம் உன் தலைமயிரிலிருந்து இறங்குவது போல இருந்தது, தனியே இருந்து சிரித்தேன். உன்னைக் கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். வேலை நேரத்தில் இதுக்கா எடுத்தீங்க என்று எரிந்து விழுவாயோ என்று வைத்துவிட்டேன். மறைந்த பாதியை நானாகக் கீறினேன். எனக்குத் தெரிந்த சொறிமுட்டை வட்டமாகக் குடை போல இருக்கும், அதைக் கீறி, சின்னப் பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்று நல்ல நீலம் பூசினேன். கண் மட்டும் வைக்கவில்லை, இது விளையாட்டுப் படமில்லையே என்று. பலகை நட்ட அன்று, இது என் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பின படத்தைப் பார்த்துக் கீறியது என்று எல்லாருக்கும் சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைப்பது என்று இருக்கிறது.

போன ஆவணியில், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது, காலையில் கரைவலை இழுத்து வலையின் மடியைக் கரையில் அவிழ்த்திருக்கிறார்கள். நெத்தலிக்குள் பொலித்தீன் பை போல ஒன்று கிடந்திருக்கிறது. சிவதர்ஷன் அதைக் கையால் அள்ளி ஒரு பக்கம் எறிந்திருக்கிறான். எறிந்தவன் அப்படியே விழுந்து கத்தினான், நான் வீட்டிலிருந்தே கேட்டேன், மாடு முட்டியதாக்கும் என்று ஓடினேன். வலக்கை முழுவதும் சாட்டையால் அடித்தது போலச் சிவந்து தடித்திருந்தது, மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டான். வழக்கம்போல மண்ணைத் தேய்த்தார்கள், நல்ல தண்ணீர் ஊற்றினார்கள், அதனால் இன்னும் கூடிவிட்டது என்று பிறகு டொக்டர் ஏசினாராம். மீன் ஏற்ற வந்த ஓட்டமாவடிப் பாறூக் நானா, ஏற்றின மீனை இறக்கிப் போட்டுவிட்டு அவனைத் தன் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு பறந்தார். அந்த மனிதனை அல்லாஹ் நல்லா வைக்கட்டும், இல்லாவிட்டால் கஜானி இன்றைக்கு வெள்ளைச் சேலை. பேப்பரிலும் செய்தி வந்தது. அதில் போட்டிருந்த படத்தைப் பார்த்தால், ஊதா நிறத்தில் வட்டக் குடை. என்னைப் போலவே அவர்களும் தெரியாமல் போட்டிருக்கிறார்கள், ஆனால் அவர்கள் போட்ட படத்தைப் பார்த்து ஒருவரும் கையை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் கஞ்சி காய்ச்சிக்கொண்டு பார்க்கப் போனேன். அவன் என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான். ரீச்சர், நீங்க கீறின சொறி நீலமாக் குடை மாதிரித்தானே கிடக்கு, இது ஒரு நிறமும் இல்லாமக் கிடந்துது, வெறும் பை எண்டு நினைச்சித்தான் எடுத்தன் என்று சொன்னான். அவன் குற்றம் சொல்லவில்லை மகன், தன் மடைத்தனத்தைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான். கஞ்சிப் போத்தலை வைத்துவிட்டு அவன் வலக்கையைப் பார்த்தேன். உன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்த கை அது. இப்போது புண் ஆறிவிட்டது, ஆனால் தழும்பு இழுத்து விரல்கள் மடங்குவதில்லை, கயிறு பிடிக்க முடியாது. கரையில் நின்று மற்றவர்கள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் ஐந்து மாதம் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கடற்கரைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டேன், அந்த நீலக் குடையைப் பார்க்க முடியாமல்.

போன கிழமை மீன்பிடித் திணைக்களத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் போத்தல். உள்ளே என்ன என்று கேட்டால், அதுதான் என்கிறார், எனக்குத் தண்ணீர்தான் தெரிகிறது. வெளிச்சத்துக்கு நேரே சரித்துக் காட்டினார், அப்போதுதான் நாலு மூலையும் தெரிந்தது, மூலைக்கு மூலை வால். பெரிய ஆச்சரியம் என்னவென்றால் அதற்கு இருபத்துநாலு கண்ணாம். நான் சிரிக்கிற படங்களைக் குறை சொல்லிக்கொண்டு கண் வைக்காமல் விட்டேன், அதுவோ உடம்பெல்லாம் கண்ணை வைத்துக்கொண்டு நம் எல்லாரையும் பார்த்துக்கொண்டு போகிறது. அந்த நீலக் குடையை நானே சுரண்டி எடுத்தேன். பலகை முழுக்கக் கறுப்புப் பூசி, மெல்லிய வெள்ளைக் கோட்டால் நாலு மூலைப் பெட்டி கீறி, கண்ணாடி போல இருக்கும், பை என்று நினைத்துத் தொடாதே, மண் தேய்க்காதே, வினாகிரி ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் அதிகாரி சொன்னபடி, அச்சாறுக்கு ஊற்றுகிற வினாகிரிப் போத்தல் ஒன்றும் கட்டியாயிற்று. பங்குனியில் வலை தொடங்குமுன் பெரியகல்லாற்றுக்கும் ஒன்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தப் பலகையைத் திரும்ப நடுவதற்கு முதல் நாள் உன் படத்தை எடுத்துக்கொண்டு சிவதர்ஷன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் தலை மறைத்ததையும், நான் கேட்காமல் விட்டதையும், பெருமை அடித்ததையும். அவன் இடக்கையால் படத்தை வாங்கிப் பார்த்தான். பிறகு சிரித்தான். இவன் வகுப்புலயும் இப்பிடித்தான் ரீச்சர், கரும்பலகைக்கு முன்னால போய் நிண்டா நாங்க ஒண்டும் எழுத ஏலா என்றான். தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, சொல்லாதது நல்லது, சொல்லியிருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன். பிறகு, எலும்பும் தோலுமா நிக்கான், இப்ப எப்பிடி ஆளு, கொழுத்திட்டானா என்று கேட்டான். வழக்கமாக இதற்கு என்னிடம் பதில் இருக்கும். நல்லாக் கொழுத்திட்டான், வீட்டில் சமையல்தான், சிரிச்ச முகமா இருக்கான் என்று கடைத்தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன். அன்று அதைச் சொல்லவில்லை. தெரியாது தம்பி என்றேன். கஜானி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன், உனக்கு ஏன் ஒளிக்க வேண்டும். நீ உன் முகம் காட்டி மூன்று வருடமாகிறது மகன். வீடியோ வேலை செய்யவில்லை என்று சொல்கிறாய், நானும் சரி என்கிறேன். மூன்று வருடமாக ஒரு போன் வேலை செய்யாமல் இருக்குமா என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் கேட்காமல் இருந்தேன். கேட்டால் என்ன சொல்வாயோ என்ற பயம். தெரியாத பாதியை என் இஷ்டத்துக்குக் கீறி, நல்ல நிறம் பூசி, ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தரம் அப்படிச் செய்து ஒருவனின் கையைக் கெடுத்தேன், இனி அந்த வேலை வேண்டாம். உனக்கு என்ன நடந்தாலும், வேலை போயிருந்தாலும், உடம்பு உருகியிருந்தாலும், முன்தலையில் மயிர் கொட்டியிருந்தாலும், அப்படியே எனக்குத் தெரிய வேண்டும். நான் பெற்ற முகம், எனக்கு அதைப் பார்த்துப் பயமில்லை, பார்க்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றோடு கோப்பி குடிக்காதே. தலைக்கு எண்ணெய் வை. அங்கே கடலுக்குள் மட்டும் இறங்காதே, வினாகிரி வாங்கி வீட்டில் வை, சமையலுக்கும் உதவும். நோய் நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, நீண்ட ஆயுளோடு நீ இருக்க வேண்டும், அப்பாவும் மேலே இருந்து அதைத்தான் கேட்பார். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அந்த மஞ்சள் பலகை இன்னும் அங்கே நின்றால் ஒரு நாள் போ, யாரையாவது கேட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு. சரியான சொறியை அதிகாரி காட்டித் தந்துவிட்டார், அதனால் பலகை எனக்கு இனித் தேவையில்லை. அது தெரிய வேண்டும் என்று ஒதுங்கி நிற்காதே மகன், நல்லாக் கிட்ட வந்து, முழுவதையும் மறைத்துக்கொண்டு நில்.

இப்படிக்கு,
உன் முகத்துக்குக் காத்திருக்கும் அம்மா,
சீதேவிப்பிள்ளை