சிவப்பு வண்டியில் ஒரே ஒரு முறை

இன்று காலை உன் மனைவி உன் நீல டிராக்டரின் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "மழ பேஞ்சிருக்கு. மக்காச்சோளம் போடணும், உழுது குடுத்துடுங்கண்ணே. அவுங்க வண்டியிலயே ஓட்டுங்க" என்றாள். சீட்டுக்கு அடியில் உன் பச்சைத் துண்டு அப்படியே இருந்தது. டீசலும் வேர்வையும் கலந்த உன் வாடை இன்னும் போகவில்லை. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன், மாப்ளே.

உனக்கு நீலம், எனக்குச் சிவப்பு. விக்கிரமங்கலம் டீக்கடையில் நம் வழக்கு தீர்ந்த நாளே இல்லை. என் வண்டி டீசலைக் குடித்துவிட்டுச் சத்தம் மட்டும் போடும் என்பாய். உன் வண்டி பாரம் ஏற்றினால் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்பேன். ஓர் ஐப்பசியில் உன் வண்டி கரிசலில் அச்சுவரை புதைந்துபோனது. இழுத்துவிடச் சங்கிலியோடு வந்து நின்றேன். "சேத்துலயே கெடந்தாலும் கெடக்கும், செவப்பு வண்டி இழுத்து வெளிய வராது" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாய். கீழப்பழுவூரிலிருந்து இன்னொரு நீல வண்டி வரும்வரை சோற்றுக்குக்கூட எழுந்து போகவில்லை. அழுத்தக்காரன். நானும் போக மனமில்லாமல் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பேர்ப்பட்ட நீ, போன சித்திரையில் என் வண்டியில் ஏறினாய். கோடை உழவின்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். ஆம்புலன்ஸ் நம் வண்டிப்பாதைக்குள் வராது, ரோட்டில்தான் நிற்கும் என்றார்கள். பக்கத்து வயலில் நின்ற என் வண்டியின் மட்கார்டில் உன்னை உட்கார வைத்து, ஒரு கையால் அணைத்தபடி ஓட்டினேன். வாய்க்கால் திருப்பத்தில் என் தோளில் சாய்ந்து சொன்னாய்.

"ஒன் வண்டி நல்லாத்தான் போவுது மாப்ள."

இத்தனை வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குத்தான் உன்னோடு மல்லுக்கட்டினேன். அது காதில் விழுந்ததும் வண்டியை இன்னும் விரட்டினேன். நீயாக ஒப்புக்கொள்கிற ஆளா? "பேசாம வாடா" என்று அதட்டினேன். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை.

இன்று உன் கொல்லைக்காடு முழுக்க உழுதேன். கலப்பை ஆழமாக இறங்கியும் உன் வண்டி எங்கும் திணறவில்லை. பொழுது சாயச் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது, வண்டி எப்படி இருக்கிறது என்று உன் மனைவி கேட்டாள்.

"முன்சக்கரத்தத் தூக்குதும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன், மாப்ளே. சொல்லிவிட்டால் நம் வழக்கு முடிந்துவிடும்.