முதல் விருப்பம்

“நான் ஏம்மா அதைத் தொடப்போறேன்?” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டீர்களே அப்பா, நான் அதை நம்பவில்லை.

கல்லூரிச் சேர்க்கை இணையதளத்தில் முதல் விருப்பமாக நான் போட்டது மொழிபெயர்ப்பு. இன்று காலை பார்த்தால் அந்த இடத்தில் மருத்துவம் இருக்கிறது. பள்ளியில் கொடுத்த ரகசிய எண் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த எண்ணை மாற்றவும் முடியாது. போதாததற்கு ஷுக்ரி மாமா போனில், “என்ன டாக்டரம்மா, கெய்ரோவா, அலெக்ஸாண்ட்ரியாவா?” என்கிறார். அவருக்கு யார் சொன்னது?

தொண்ணூற்றைந்து சதவீத மதிப்பெண்ணை வீணாக்குகிறேன் என்கிறீர்கள். ரஷ்ய நாவல்களை யாரோ அரபியில் கொண்டுவந்ததால்தான் நான் அந்தப் பனியில் நடந்தேன். அந்த யாரோவாக ஆகத்தான் எனக்கு ஆசை.

முலுகியாக் கீரைக் குழம்பு அடுப்பில் இருக்கிறது. சூடு காட்டினால் போதும். கொதித்தால் கீரை அடியில் தங்கிவிடும். அம்மாவைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். திரும்ப இரவாகிவிடும்.

யும்னா

பி.கு.: மொழிபெயர்ப்பை மறுபடியும் முதலில் போட்டுவிட்டேன். இன்று மாலை ஏழு மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள். அதன்பிறகு யாராலும் மாற்ற முடியாது. அதுவரை வீட்டில் நீங்களும் கம்ப்யூட்டரும்தான். அதை அப்படியே விட்டுவிடுவீர்களா, அப்பா?