நற்கருணை வரிசையில் ஒரு சால்சா

போத்தனூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஷைலாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், மெக்சிகோவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நடுக்குவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு நடக்கும்போதே கால் தரையோடு ஒட்டிக்கொள்வது உனக்குத் தெரியும். கோயிலில் நற்கருணை வாங்கப் போய் நடுவில் நின்று, பின்னால் வரிசை தேங்கி, அன்றோடு பூசைக்கே வரமாட்டேன் என்று வீட்டோடு இருந்துவிட்டார். நீ சால்சாப் பாட்டை அனுப்பி, அந்த ஆட்டத்தின் அடியை வைத்து நடக்கச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது, கால் வராத மனுசனை ஆடச் சொல்கிறாளே என்று. மூன்று அடி வைத்து நாலாவதில் நிற்கவேண்டும் என்று வீடியோவில் காட்டினாயே, அதுதான் அவருக்குப் பிடித்துப்போனது. நிக்கறதும் ஆட்டத்துல சேத்திதானாமா, அப்பறம் எனக்கென்ன வெக்கம் என்று சொல்லி, தினமும் பாட்டைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிறார். பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இருக்கிற பேர்தான் தொட்டுக்கொள்கிறதுக்கும் என்றாயே, அந்தத் தக்காளிச் சால்சாவும் செய்தேன், மனசு கேட்காமல் கடுகு தாளித்துக் கொட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எலுமிச்சை பிழிவது அப்பா, நடுங்கற கைக்கு ஏத்த வேலையாப் பாத்துக் குடுத்திருக்கறே அம்மணி என்று ஒரே சிரிப்பு.

இன்றைக்குக் காலையில் அவராகவே வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். வரிசையில் போகும்போது அதே இடத்தில் கால் நின்றுவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. கையைப் பிடிக்கப் போனேன், இரு, இது நாலாவது என்றார். பாடகர் குழு ஒருபக்கம் பாட, இவர் வாய்க்குள்ளேயே உன் சால்சாவை முணுமுணுத்துக் காலைத் தூக்கி வைத்தார், நடந்துபோய் வாங்கிவிட்டார். ஆண்டவர் கோபித்துக்கொள்ளமாட்டார், அவரிடம்தானே போனார்.

நீ இவ்வளவு தூரத்தில் இருக்கிறாயே என்று எத்தனையோ நாள் குறைப்பட்டிருக்கிறேன், நீ அங்கே போகாவிட்டால் இது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்திருக்கும். ரொம்ப நன்றி கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு, காரத்தைக் குறைத்துக்கொள். மாதா உங்கள் இருவரையும் காப்பாள்.

கிறிஸ்துமசுக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. நீ ரயிலில் வந்து இறங்கும்போது அப்பா ஸ்டேஷனுக்கு வருகிறாராம், வீல்சேர் வேண்டாமாம். உன்னைப் பார்த்து நடந்து வரும்போது நடுவில் நின்றால் ஓடிவந்து பிடிக்காதே, அது நாலாவதாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
இருதயம்மாள்