வேம்புக்குத் தனி அடுப்பு

திருவாரூர்
3-10-1972

அன்புள்ள அண்ணனுக்கு வேம்பு எழுதிக்கொண்டது. மில்லில் நெல் அவித்துக் காயவைத்து என் கால்தான் வெந்துபோகிறது, மற்றபடி குறையில்லை. அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? உங்களிடம் விட்டுவந்த என் மகள் ராசம்மாள் சொன்ன பேச்சு கேட்கிறாளா?

நம் தெருவுக்குத் தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. கணக்கெடுக்க வருகிறாராம். பண்ணையார் இடத்தில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு சர்க்கார் குடும்பத்துக்கு மூன்று சென்ட் மனை கொடுக்கிறது. தனியாகச் சமைத்தால்தான் தனிக் குடும்பமாம். போன தடவை ஊருக்கு வந்தபோது தாழ்வாரத்தில் நான் போட்ட மண் அடுப்பைக் காட்டி, "என் தங்கச்சி புருஷன் தள்ளிவச்சவ, தனியா பொங்குறா" என்று சொல்லுங்கள். கூலி கேட்டுக் கொடி பிடித்த வருஷம் பண்ணையார் ஆட்கள் நம் குடிசையைப் பிரித்துப் போட்டார்களே, அந்தப் பயம் இல்லாத ஓர் இடம் எனக்கும் என் பிள்ளைக்கும் வேண்டும். மறந்துவிடாதீர்கள் அண்ணே.

உங்கள் தங்கை,
வேம்பு

மேலநெடுவயல்
11-10-1972

அருமைத் தங்கை வேம்புக்கு அண்ணன் காத்தான் எழுதுவது. எல்லோரும் சுகம்.

ஆர்.ஐ. வந்தார். தெருவே கூடி நின்றது. "உன் தங்கச்சி தனியா பொங்கித் திங்கிறாளா?" என்று கேட்டார். நீ எழுதியது ஞாபகம் இருந்தது. ஆனால் வாய் வரவில்லை. "நான் உசுரோட இருக்கும்போது என் தங்கச்சிக்குத் தனி அடுப்பாங்க? எல்லாருக்கும் ஒரே பானைதாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணில் படக்கூடாது என்று உன் அடுப்பின்மேல் வறட்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அண்ணனா!" என்று அவரே மெச்சினார். எல்லோரையும் ஒரே குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார்.

நம் தெரு இராஜாங்கம் தன் அக்காவைத் தனிக் குடும்பம் என்று காட்டினான். தெருவே அவனைக் காறித் துப்புகிறது. நமக்கு அந்தப் பேர் வேண்டாம் அம்மா. வருகிற மனை நம் எல்லோருக்கும்தான்.

அண்ணன்,
காத்தான்

திருவாரூர்
15-10-1972

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆர்.ஐ. மெச்சினாரே, அந்த மெச்சலில் கால் நீட்டிப் படுக்க முடியுமா? ஒரே அறையில் உங்கள் இரண்டு பையன்களும் வளர்கிறார்கள், என் பெண்ணும் வளர்கிறாள். அது உங்களுக்குத் தெரியவில்லையா? ஒரே பானையில் அண்ணி எனக்குச் சோறு போடும்போது அகப்பை சட்டியில் இடிக்கிற சத்தம் உங்களுக்குக் கேட்காது, எனக்குக் கேட்கும்.

ஊருக்கெல்லாம் சோறு போடுகிற ஜில்லாவாம். என் கண்ணெதிரே லாரி லாரியாக அரிசி போகிறது. அதை அவிக்கிறவளுக்கு அடுப்பு மூட்ட மூன்று முழ இடம் இல்லை. சர்க்கார் கொடுக்க வந்ததையும் என் கூடப் பிறந்தவரே தடுத்துவிட்டார். யாரிடம் போய்ச் சொல்ல?

தாலுகா ஆபீஸில் விசாரித்தேன். வரும் மாதம் தாசில்தார் நம்மூர்ச் சாவடிக்கு வருகிறாராம். ஒரே குடும்பம் என்று சொன்னவரே வந்து இல்லை என்று சொன்னால்தான் மாற்றுவார்களாம். "வேம்பு என் வீட்டில் இல்லை, அனுப்பிவிட்டேன்" என்று சொல்லுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

வேம்பு

மேலநெடுவயல்
22-10-1972

வேம்புக்கு,

வேறு எதையாவது கேள். உன் புருஷன் உன்னைத் தள்ளிவைத்தபோது அவன் ஊர்ப் பஞ்சாயத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என் தங்கச்சி எனக்குப் பாரமில்லை" என்று சொல்லி உன்னைக் கூட்டிவந்தவன் நான். அதே வாயால் எப்படிச் சொல்வேன்? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

காத்தான்

திருவாரூர்
2-11-1972

அண்ணனுக்கு,

ராசம்மாள் ஆளான செய்தியை அண்ணி சொல்லியனுப்பினார்கள். ஓடிவந்து பார்த்தேன். நீங்கள் வயலுக்குப் போயிருந்தீர்கள். ஐப்பசி மழையில், ஒழுகுகிற தாழ்வாரத்தில், என் பிள்ளை ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

இனி நான் கெஞ்ச மாட்டேன். உங்கள் பேர் பெரிதா, இவள் பெரிதா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

வேம்பு

மேலநெடுவயல்
14-11-1972

தங்கை வேம்புக்கு,

சொல்லிவிட்டேன். நேற்றுச் சாவடியில் தாசில்தார் முன்னால் நின்று சொன்னேன். "அன்னிக்கு ஒரே பானைன்னு சொன்னியாமே?" என்றார். "அன்னிக்குச் சொன்னது பொய்ங்க. அவ எங்களுக்கு வேண்டாதவ. அவளையும் பிள்ளையையும் வச்சுச் சோறு போட எனக்கு வக்கில்லை. போகச் சொல்லிட்டேன்" என்றேன். "கூடப் பிறந்தவளுக்குக் கஞ்சி ஊத்த முடியாத நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். உன்னைத் தனிக் குடும்பம் என்று எழுதிவிட்டார்கள். வாய்க்கால் கரையோரம் மேட்டு மனை, தண்ணீர் நிற்காது. தை மாதம் பட்டா கொடுப்பார்களாம்.

நீ கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இரு.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். ராசம்மாள் சாவடித் தூணுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கொடியில் கிடந்த அவள் பாவாடை சட்டையைக் காணோம். பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நம் வீட்டுச் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறாள். "உங்கம்மாவுக்கு மனை கிடைக்கத்தான் பொய் சொன்னேன் கண்ணு" என்று எவ்வளவோ சொன்னேன். "இல்ல மாமா, நீங்க பொய் சொன்ன மாதிரி தெரியலை" என்கிறாள்.

சொல்லும்போது எனக்கு நாக்குத் தடுக்கவே இல்லை வேம்பு. அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நீ உடனே புறப்பட்டு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. நீ வரும் நேரத்தில் நான் வயலில் இருப்பேன்.

காத்தான்