இசரா வாசலோடு திரும்பிய கதை

இயேசு மரி சூசை

டோர்செட் பார்க்
கார்த்திகை 25, செவ்வாய்

அன்பு மகள் ஷாமிலா,

அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் கர்த்தர் புண்ணியத்தில் சுகம், நீயும் அந்த வடக்குக் கோடி வைற்ஹோர்ஸ் குளிருக்குள் காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டுமென்று அந்தோனியாரைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். முதலில் ஒரு களவை ஒப்புக்கொள்கிறேன், சுவாமியாரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். நாங்கள் இருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்த்தோமே எங்கள் இங்கிலீஷ் தொடர் உப்புக்கோட்டையின் கடைசிப் பாகம், அதை நான் முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானமே பார்த்து முடித்துவிட்டேன். வேலையில், ரேக்கவுட் சாப்பாட்டுக் கடையின் பின் குசினியில், ஃபோனை றோல்ஸ் தட்டில் சாய்த்து வைத்து நின்றபடி பார்த்தேன். என்னோடு றோல்ஸ் சுற்றுகிற ஸ்டெபனி வியாழக்கிழமையே பார்த்துவிட்டு வீங்கின கண்ணோடு வேலைக்கு வந்தாள், வாயைத் திறக்கப் போனவளின் வாயை மாக் கையால் பொத்தினேன். சொல்லாதே என்று காலையில் கத்தியதும் நான்தான், மத்தியானம் காட்டடி என்று கெஞ்சியதும் நான்தான். அவள் வாயில் புட்டை வைத்துக்கொண்டு தமிழில் சொல்லித் தந்தாள். உன் மொழிபெயர்ப்புக்குக் கிட்டவும் வராது. ஆனால் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. பதினைந்து வயதில் நீ சோபாவில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, முத்தம் கொடுக்கிற இடமெல்லாம் சண்டையைப் பற்றிக் கதைக்கினம் அம்மா என்று சொல்லித் தந்தாய், அந்தக் கோட்டையில் ஏன் இவ்வளவு யுத்த ஆலோசனை என்று நானும் நம்பினவள் மாதிரி இருந்தேன். எல்லாம் எனக்குத் தெரியும் பிள்ளை, உன் முகம் சிவந்ததை ரசிப்பதற்காகத்தான் அவன் இப்போது என்ன சொல்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஏன் களவாகப் பார்த்தேன் என்றால், எங்கள் கதாநாயகி இசரா செத்துவிடுவாள் என்று பயந்தேன். நீ அங்கே ஒற்றை அறையில் தனிய இருந்து பார்க்கிறாய், பக்கத்தில் ஒருவருமில்லை, எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் அந்த இடம் வரும்போது ஏதாவது பகிடி விட்டு உன்னைத் தேற்றலாம் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, பொறுக்க முடியவில்லை. பதினொரு வருடம், ஒன்பது சீசன். நீ வேலை கிடைத்துப் போன இந்த மூன்று வருடமும் ஞாயிறு பூசை முடிந்து வந்து, இங்கே மூன்று மணி அங்கே ஒரு மணி, ஃபோனைக் காதில் வைத்து ஒன்று இரண்டு மூன்று எண்ணி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமத்தியது உனக்கும் நினைவிருக்கும்.

இசரா சாகவில்லை. செத்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. ஒன்பது சீசனாகக் காட்டிலும் கடலிலும் அலைந்து, அந்த வில்லன் மொட்டையனை வென்று, உப்புக்கோட்டை வாசலைத் திறந்து, சனம் எல்லாவற்றையும் உள்ளே விட்டு, பிறகு கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போகிறாள். மேல் யன்னலில் தாய் நிற்கிறாள். முதல் சீசனில் இருந்து அந்த யன்னலில்தான் நிற்கிறாள், பாவம், கால் நொந்திருக்கும். கடைசியில் மகளைக் கண்டு வாயைத் திறக்கிறாள், அதற்குள் மியூசிக் வந்துவிட்டது. அந்தத் தாய்க்கு ஒரு வசனம் எழுதிக் கொடுக்க அவர்களுக்குக் கை வரவில்லை. வெள்ளி பின்னேரம் முழுக்க, சனி முழுக்க, அவள் சொல்லாததை எல்லாம் நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கதவு சாத்துகிற இடம் வருமுன்னமே நான் அழத் தொடங்கியது, ஏனம்மா இப்பவே அழுறீங்கள் என்று நீ கேட்டாய், நான் தடிமன், மூக்கடைப்பு என்றேன். அதனால்தான் படம் முடிந்த உடனே வாயில் வந்ததெல்லாம் கொட்டுண்டது. ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் வாசலோட போறாளே, உது ஒரு பிள்ளையோ என்றேன். நீ நல்ல முடிவு அம்மா, அவள் தன்ர வழியைப் பார்த்தாள் என்றாய். நான் விடவில்லை, இன்னும் ஏதோ சொன்னேன். அப்போது நீ கேட்டாய்,

“அம்மா, நீங்கள் இசராவைத்தான் சொல்லுறீங்களோ?”

அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குப் பகிடி வந்தது, எப்போதும் அந்தச் சனியன்தானே முதலில் வரும். ஏன், உனக்கும் வாசலோட போற யோசினை கிடக்கோ என்று சிரித்தேன். அதோடு லைன் கட்டானது. இன்றைக்குப் பதினாறு நாள். ஆறு முறை எடுத்தேன், வட்சப்பில் ரோசாப் பூவும் போட்டேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. இரண்டு ஞாயிறும் மூன்று மணிக்கு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு ரீவியைப் பார்த்தபடி இருந்தேன், ரீவி போடவில்லை. அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகுதான் உன் தம்பி றொய்சன் வாய் தவறிச் சொன்னான், இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்லி அங்கே ஆசுபத்திரியில் கேட்டிருக்கிறார்களாம், மார்கழி பத்துக்குள் பதில் சொல்ல வேணுமாம், படம் முடிந்த கையோடு அம்மாவுக்குச் சொல்லப் போகிறேன் என்று அக்கா சொன்னவ என்றான். நான் வெட்டிக்கொண்டிருந்த லீக்ஸை அப்படியே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்கு நீ நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறாய், நான் அதற்கு முன்னமே கதவைச் சாத்தி இருக்கிறேன். நான் தெரிந்து சொன்னதில்லை மகள், மாதா சாட்சி.

போன வெள்ளி மூன்றாம் முறை பார்த்தேன், தனியாக, சத்தத்தை நிற்பாட்டிவிட்டு. சத்தம் இருந்தாலும் எனக்கு என்ன விளங்கப் போகிறது. அவள் கதவைச் சாத்திய உடனே போகவில்லை. உள்ளே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை வெளியில் நின்று பார்க்கிறாள், தாயின் யன்னல் விளக்கு கடைசி, அது எரிந்த பிறகுதான் திரும்புகிறாள். வெள்ளிக்கிழமை புட்டுக்குள்ளும் ஞாயிற்றுக்கிழமை கண்ணீருக்குள்ளும் இது என் கண்ணில் படவில்லை. கோபத்தில் போகிறவள் விளக்கு எரியும்வரை நிற்க மாட்டாள் என்று விளங்கியது. விளங்கியது என்பதற்காகப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. முடிவு சரி என்று ஒரு பக்கம் சொல்கிறது, எழுதினவனைக் கண்டால் அகப்பைக் காம்பால் போடலாம் என்று மற்றப் பக்கம் சொல்கிறது, இரண்டும் எனக்குள் ஒரே கதிரையில் இடிபட்டுக்கொண்டு இருக்கின்றன. நீ சொல்லித் தந்த கதை என்பதால் குறை சொல்லவும் மனமில்லை, குறை சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

என் பயத்தைச் சொல்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் அங்கே கையெழுத்துப் போட்டுவிடாதே. நான் அழுதேன் என்பதற்காகப் போடாமலும் விடாதே, அது இன்னும் மோசம், பிறகு நீ இங்கே சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பாய், நான் கறிக்கு உப்புக் காணாதோ என்று கேட்டுக்கொண்டு இருப்பேன். எக்ஸ்ரே எடுக்கிற பிள்ளை நீ, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்து முடிவெடு. எதுவென்றாலும் உன் வாயால் எனக்குச் சொல்லு, றொய்சன் வாயால் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எடு. பார்க்க ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். படம் முடிந்தால் அந்த ஒரு மணித்தியாலமும் முடிந்துவிடுமோ என்பதுதான் பிள்ளை, வெள்ளிக்கிழமை முழுக்க எனக்கு இருந்த பயம், இசரா சாகிறதை விடப் பெரிசு. வேறு ஏதாவது தொடங்குவோம். குதிரை இல்லாததாகப் பார், குதிரைகள் எல்லாம் எனக்கு ஒரே மாதிரி.

காருக்குள் ஒரு தடித்த போர்வையும் நெருப்புப்பெட்டியும் வைத்திரு. வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே. இதோடு மிளகாய்த்தூளும் காலுக்கு ஒரு சோடி கம்பளி மேசும் பார்சலில் வருகிறது, தூளை அந்த ஊர்ச் சிநேகிதிகளுக்குக் கரண்டிக் கணக்கில் கொடுக்காதே, போனமுறை ஒரு பிள்ளை கண்ணீரோடு நன்றி சொன்னதை மறந்திருக்க மாட்டாய். மாதா தன் முக்காட்டுக்குள் உன்னை வைத்துக் காக்கட்டும், உன் கையும் உன் வேலையும் ஆசீர்வதிக்கப்படட்டும், நீ எந்த வாசலில் நின்றாலும் இந்த வீட்டு விளக்கு எரியும். மார்கழி பத்தை மறக்காதே, அதற்கு முதல் வரும் ஞாயிற்றையும் மறக்காதே.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா யூஜினி

பி.கு. கடிதத்தை மடித்துக்கொண்டு அறையை விட்டு வந்தேன். ஹோலில் சார்ஜில் போட்டிருந்த என் ஃபோன் அப்பாவின் கையில் இருந்தது. யார் எடுத்தது என்று கேட்டேன். ஷாமிலா என்றார். என்ன சொன்னவள் என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்ல முன்னமே இவர்தான் பேசினாராம். அம்மா உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கிறா, ஒருத்தரும் குழப்பக் கூடாதாம் என்று சொல்லி வைத்துவிட்டாராம். நான் உடனே திருப்பி எடுத்தேன், உன் ஃபோன் நிற்பாட்டி இருக்கிறது, வேலைக்குள் போய்விட்டாய் போல. அப்பா இப்போது சப்பாத்துப் போடுகிறார், கடிதத்தைத் தானே கொண்டுபோய்ப் போடுவாராம்.