பிடி இல்லாத புதுச் சட்டி

சங்காவ்,

எழுப்பிப் பார்த்தேன். கோபத்தில் தூங்குவதுபோல நடித்தாய். நானும் நம்பியதுபோல நடித்தேன். தங்கையோடு படகில் ஆற்று மணல்திட்டுக்குப் போகிறேன். நாங்கள் நெருப்பு மூட்டி வைக்கிறோம்.

கோழியை நறுக்கி, இஞ்சி தட்டிப் போட்டுப் பிசறி வைத்திருக்கிறேன். மறக்காமல் கொண்டுவா. அதை உள்ளே அடைத்துத் தீயில் சுட மூங்கில் குழாய் வெட்டுவது உன் வேலை. இளசாக, பச்சையாகப் பார்த்து வெட்டு. போன கவாய் அறுவடைத் திருநாள் விருந்துக்குச் சோம்பல்பட்டு, வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்ததை எடுத்து வந்தாயே! அது தீயில் வெடித்து, குழம்பெல்லாம் என் அப்பா சட்டையில்! "மாப்பிள்ளை எனக்கு மட்டும் தனியா பரிமாறிட்டாரு" என்று இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

குழாய் வாயை அடைக்க மரவள்ளி இலையும் பறித்து வா.

நேற்று கூச்சிங் நகரத்திலிருந்து ஆசையாக நீ வாங்கி வந்த சட்டியைப் பார்த்து நான் சிரித்தது தப்புதான். ஆனாலும், விறகுத் தீயில் வைக்கிற சட்டிக்கு பிளாஸ்டிக் பிடியா?

லெந்தா

பி.கு. சட்டியைத் தேடாதே, நான்தான் எடுத்துப் போகிறேன். பிடியைக் கழற்றிவிட்டேன். இன்று கிடைக்கும் முதல் மீன் அதில்தான் பொரியும், உனக்குத்தான்.

இன்னொன்று. கழற்றிய பிடியை உன் தலையணைக்கு அடியில் செருகினேன். அப்போது உன் உதடு சிரித்துவிட்டது. பார்த்துவிட்டேன்.